பலகையில் எழுதப்படாத பாகுபாடு



அநீதி சில வேளைகளில் தன் பெயரைத் தானே பலகையில் எழுதி வைத்துக்கொண்டு வாசலில் நிற்கும். அதை இனங்காண்பது எவருக்கும் கடினமன்று. 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் இங்கிலாந்தில் வாடகைக்கு அறை தேடி அலைந்த மேற்கிந்தியத் தீவினரும் இந்தியரும் பாகிஸ்தானியரும், தங்கள் நிறத்தாருக்கு இங்கு இடமில்லை என்று அறிவித்த விளம்பரங்களைக் கண்டனர். பின்னர் சட்டங்கள் வந்தன. அந்த அறிவிப்புகள் மறைந்தன. அறிவிப்புடன் அநீதியும் வெளியேறிவிட்டதா என்பதே அதன் பின் எழுந்த கேள்வி. வெள்ளையரில் பெரும்பாலோர் ஆம் என்றனர். அதைச் சுமந்தவர்களோ இல்லை என்றனர். ஒரே நாட்டில், ஒரே தெருவில் வாழ்ந்த இரு சாராரின் இவ்விரு விடைகளுக்கும் இடையே அரை நூற்றாண்டுக்கும் மேலாக நீடிக்கும் இடைவெளியின் வரலாற்றையே இங்கு நாம் காணவிருக்கிறோம். நம் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் படிப்பிற்கும் பணிக்குமாக அந்நாட்டில் வாழ்கின்றனர் என்பதால் இது நமக்குத் தொலைவான செய்தியும் அன்று.

முதலில் கண்ணுக்குத் தெரிந்த அநீதியைப் பார்ப்போம். பிரிஸ்டல் நகரின் பேருந்து நிறுவனம் 1963 வரை கறுப்பினத்தவரையும் ஆசியரையும் ஓட்டுநராகவோ நடத்துநராகவோ சேர்த்துக்கொள்ளவில்லை. அன்றைய சட்டத்தில் அது குற்றமும் இல்லை. கை பெய்லி என்ற இளைஞர் நேர்முகத் தேர்விற்குச் சென்றபோது, அவர் கறுப்பினத்தவர் என்று அறிந்ததும் திருப்பி அனுப்பப்பட்டார். பால் ஸ்டீபன்சன், ராய் ஹாக்கெட் முதலியோர் பேருந்துகளைப் புறக்கணிக்குமாறு மக்களை அழைத்தனர். அவ்வாண்டு ஆகஸ்ட் 28ஆம் நாள் நிறுவனம் பணிந்தது. அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் மார்ட்டின் லூதர் கிங் பங்கேற்ற மாபெரும் பேரணி நடந்த நாளும் அதுவே. செப்டம்பரில் ரக்பீர் சிங் என்ற சீக்கியர் அந்நிறுவனத்தின் வெள்ளையரல்லாத முதல் நடத்துநராகப் பணியேற்றார். இப்போராட்டத்தில் வெள்ளை மாணவர்களும் உடன் நடந்தார்கள் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

அடுத்த ஆண்டு பர்மிங்காமை ஒட்டிய ஸ்மெதிக் என்ற ஊரில், குடியேறிகள் மீதான வெறுப்பை மூலதனமாக்கிய வேட்பாளர் ஒருவர் நாடாளுமன்றத் தேர்தலில் வென்றார். அவ்வூரின் மார்ஷல் தெருவில் விற்பனைக்கு வரும் வீடுகளை நகராட்சியே வாங்கி வெள்ளையருக்கு மட்டும் கொடுக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. நகராட்சியும் அதற்கு இசைந்தது. இதைக் கேள்வியுற்று 1965 பிப்ரவரி 12ஆம் நாள் அத்தெருவிற்கு ஒருவர் வந்து நடந்து சென்றார். நாமெல்லோரும் அறிந்த அல்ஹாஜ் மாலிக் அல்ஷபாஸ், அதாவது மால்கம் எக்ஸ் அவர்களே அவர். அங்கிருந்த இந்தியத் தொழிலாளர் சங்கத்தார் அவரை அழைத்திருந்தனர். அதன் பின் ஒன்பதே நாள்களில், பிப்ரவரி 21 அன்று, நியூயார்க்கில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார்.

அவ்வாண்டின் இறுதியில் பிரிட்டனின் முதல் இன உறவுச் சட்டம் நிறைவேறியது. பொது இடங்களில் நிறம் கருதி மறுப்பதை அது தடுத்தது. 1968ஆம் ஆண்டின் சட்டம் வீட்டையும் வேலையையும் சேர்த்துக்கொண்டது. பலகைகள் இறங்கின. நல்லெண்ணம் கொண்ட வெள்ளையர் பலர் தங்கள் நாடு தன் கடமையை முடித்துவிட்டது என்று மனநிறைவு கொண்டனர்.

ஆனால் பர்மிங்காம் மாநகராட்சியின் வீட்டு வசதி விதியைப் பாருங்கள். நகராட்சி வீடு பெறுவதற்குரிய வரிசையில் இடம்பெற ஒருவர் அந்நகரில் ஐந்து ஆண்டுகள் வாழ்ந்திருக்க வேண்டும் என்றது அவ்விதி. அதில் நிறம் என்ற சொல்லே இல்லை. எழுத்தர் எவரும் எவரையும் வெறுக்க வேண்டியதில்லை. விதியைப் படித்துப் படிவத்தைப் புரட்டினால் போதும். ஆயினும் அந்த ஐந்தாண்டுக் கணக்கு யார் தலையில் விழுந்தது? நேற்றுக் கப்பலில் வந்திறங்கிய மேற்கிந்தியர் மீதும் பாகிஸ்தானியர் மீதுமே விழுந்தது. அவர்கள் பாழடைந்த பெரிய வீடுகளில் அறைக்கு ஒரு குடும்பமாக நெருங்கி வாழ்ந்தனர். அதைக் கண்ட அண்டை வீட்டு வெள்ளையர், இவர்கள் இப்படித்தான் வாழ்வார்கள் என்று முடிவு கட்டினர். விதி உண்டாக்கிய நெருக்கடியை மக்களின் இயல்பு என்று எண்ணினர். காணத் தவறுதல் என்று நாம் கூறுவது இதையே.

இத்தகைய அநீதிக்கு அமெரிக்காவில் ஒரு பெயர் பிறந்தது. ஸ்டோக்லி கார்மைக்கேலும் சார்லஸ் ஹாமில்டனும் 1967இல் வெளியிட்ட ‘பிளாக் பவர்’ என்ற நூல் அதை ‘நிறுவன இனவாதம்’ என்று அழைத்தது. அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் நகரில் வெள்ளை வெறியர்கள் 1963இல் தேவாலயத்தில் குண்டு வைத்து நான்கு சிறுமியரைக் கொன்றனர். உலகமே அதைக் கண்டித்தது. அதே நகரில் உணவும் உறைவிடமும் மருத்துவமும் போதாமல் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான கறுப்பினக் குழந்தைகள் இறந்ததையோ யாரும் கண்டிக்கவில்லை. அங்கே கைது செய்யக் குற்றவாளி என்று ஒருவரும் இல்லை. இவ்விரண்டையும் அருகருகே வைத்துக் காட்டியதே அந்நூலின் வலிமை.

இங்கிலாந்தின் பள்ளிக்கூடங்களில் நடந்ததும் இவ்வகைப்பட்டதே. அக்காலத்தில் அறிவு வளர்ச்சி குன்றியோர் என்று கருதப்பட்ட பிள்ளைகளுக்கெனத் தனிப் பள்ளிகள் இருந்தன. இலண்டனில் அப்பள்ளிகளுக்கு அனுப்பப்பட்ட மேற்கிந்தியப் பிள்ளைகளின் விகிதம், சாதாரணப் பள்ளிகளில் அவர்களுக்கு இருந்த விகிதத்தைக் காட்டிலும் மிகுதியாக இருந்தது. கிரெனடா நாட்டிலிருந்து வந்து அத்தகைய பள்ளிகளில் பணியாற்றிய பெர்னார்ட் கோர்ட் என்ற ஆசிரியர் 1971இல் ஒரு சிறு நூல் எழுதி இதை வெளிப்படுத்தினார். பிள்ளைகளைச் சோதித்த வினாக்கள் நடுத்தர ஆங்கிலேயக் குடும்பத்தின் பேச்சையும் பழக்கத்தையும் அளவுகோலாகக் கொண்டிருந்தன. தீவுகளின் பேச்சுமொழியில் வளர்ந்து, புதிய நாட்டில் மிரண்டு நின்ற பிள்ளை அதில் தவறினால், அது மந்தபுத்தி என்று பதிவாயிற்று. ஒருமுறை அப்பள்ளிக்குள் சென்ற பிள்ளை வெளியே வருவது அரிதாக இருந்தது. ஆசிரியர்களோ தாங்கள் அப்பிள்ளைக்கு உதவுவதாகவே எண்ணினர். கறுப்பினப் பெற்றோர் தம் வீடுகளிலும் தேவாலயங்களிலும் சனிக்கிழமைப் பள்ளிகளைத் தொடங்கித் தம் மக்களைத் தாமே கற்பித்துக் காத்தனர். மக்தப் நடத்துவோருக்கு அவர்களின் அந்த உழைப்பின் அருமை நன்கு விளங்கும்.

இனி காவல்துறைக்கு வருவோம். 1981 ஏப்ரலில் தென் இலண்டனின் பிரிக்ஸ்டன் பகுதியில் சாதாரண உடையணிந்த காவலர்கள் ஒரு வாரத்திற்குள் 943 பேரைத் தெருவில் நிறுத்திச் சோதித்தனர். கைதானவர் 118 பேர் மட்டுமே. மற்றவர்கள் வெறுமனே நிறுத்தப்பட்டு, விசாரிக்கப்பட்டு, அனுப்பப்பட்டவர்கள். அவர்களில் மிகப் பலர் கறுப்பின இளைஞர்கள். ஏப்ரல் 10 முதல் 12 வரை அப்பகுதி கலவரத்தில் எரிந்தது. காரணம் அறிய நியமிக்கப்பட்ட நீதியரசர் ஸ்கார்மன் பிரபு நவம்பரில் அறிக்கை தந்தார். அவர் நேர்மையான மனிதர். இனத்தால் வரும் பின்னடைவு உண்மை என்று ஒப்புக்கொண்டார். சில நடைமுறைகள் அறியாமலே பாகுபாடாக அமையக்கூடும் என்றும் கூறினார். ஆனால் அறிந்தே, கொள்கையாக வகுத்துப் பாகுபாடு செய்வதுதான் நிறுவன இனவாதம் எனில், அது பிரிட்டனில் இல்லை என்று தீர்ப்பளித்தார்.

இந்தத் தீர்ப்பை நாம் சற்று நிதானித்து நோக்க வேண்டும். அநீதிக்கு அவர் வைத்த அளவுகோல் அதைச் செய்பவரின் எண்ணம். எண்ணம் தூயதாயின் குற்றச்சாட்டு விழுந்துவிடும். நிறுத்திச் சோதிக்கப்பட்ட இளைஞனுக்கோ காவலரின் உள்ளத்தைப் பிளந்து பார்க்கும் வழி ஏது? அவன் அறிந்ததெல்லாம் அந்த மாதத்தில் தான் எத்தனை முறை நிறுத்தப்பட்டோம் என்பதே. ஒருவர் எண்ணத்தைக் கொண்டு அளந்தார். மற்றவர் விளைவைக் கொண்டு அளந்தார். இருவருக்கும் இடையே உரையாடல் முறிந்துபோனதன் வேர் இங்கேதான் உள்ளது.

பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1993 ஏப்ரல் 22ஆம் நாள் இரவு, தென்கிழக்கு இலண்டனின் எல்தம் பகுதியில் பேருந்திற்காகக் காத்திருந்த ஸ்டீபன் லாரன்ஸ் என்ற 18 வயது மாணவரை வெள்ளை இளைஞர் கும்பல் ஒன்று கத்தியால் குத்திக் கொன்றது. கட்டடக் கலைஞராக வேண்டும் என்பது அவருடைய விருப்பம். உடனிருந்த நண்பர் உயிர்தப்பினார். வந்த காவலர்கள் கீழே கிடந்தவருக்கு முறையான முதலுதவி செய்யவில்லை. நண்பரைப் பாதிக்கப்பட்டவராக நடத்தவும் இல்லை. சந்தேகத்திற்குரியவர்களின் பெயர்கள் ஓரிரு நாள்களிலேயே காவல்துறைக்குக் கிடைத்தன. ஆனால் மே 7ஆம் நாள் வரை யாரும் கைதாகவில்லை. அதற்கு முந்தைய நாள், இலண்டனுக்கு வந்திருந்த நெல்சன் மண்டேலா அக்குடும்பத்தினரைச் சந்தித்து ஆறுதல் கூறியிருந்தார்.

பெற்றோரான டோரீனும் நெவில் லாரன்ஸும் ஓயவில்லை. அவர்கள் தாமே தொடுத்த வழக்கு 1996இல் தோற்றது. 1997இல் புதிய அரசு நீதி விசாரணைக்கு ஆணையிட்டது. ஓய்வுபெற்ற நீதிபதி சர் வில்லியம் மக்பர்சன் தலைமை ஏற்றார். அந்த விசாரணையின்போது காவல்துறைத் தலைவர்கள் இருவர் அளித்த இருவேறு விடைகள் நம் சிந்தனைக்கு உரியவை. இலண்டன் காவல் ஆணையர் சர் பால் காண்டன், தம் துறையில் குறைகள் உண்டு என்று ஒப்புக்கொண்டார். ஆனால் நிறுவன இனவாதம் என்ற சொல்லை ஏற்க மறுத்தார். ஏற்றால் காவலர் அனைவரும் இனவெறியர் என்று மக்கள் பொருள்கொள்வர் என அஞ்சினார். பெருமான்செஸ்டர் காவல்துறைத் தலைவர் டேவிட் வில்மட்டோ, தம் துறையில் அது உண்டு என்று வெளிப்படையாகக் கூறினார். இருவரும் வெள்ளையர்; இருவரும் ஒரே தொழிலினர்.

1999 பிப்ரவரி 24ஆம் நாள் அறிக்கை வெளிவந்தது. அதில் 70 பரிந்துரைகள் இருந்தன. நிறுவன இனவாதத்திற்கு அவ்வறிக்கை தந்த விளக்கமே எண்ணத்தையும் விளைவையும் பிரித்துக் காட்டியது. நிறம், பண்பாடு, பிறப்பினம் ஆகியவற்றின் காரணமாக மக்களுக்கு உரிய சேவையை அளிப்பதில் ஒரு நிறுவனம் கூட்டாகத் தவறுவதே அது. அறியாமல் கொண்ட தப்பெண்ணம், அறியாமை, கவனமின்மை, ஓர் இனத்தார் இப்படித்தான் என்ற முன்முடிவு ஆகியவற்றின் வழியாகவும் அது நிகழலாம் என்றது அறிக்கை. அதாவது ஒவ்வொருவரும் தம்மை நல்லவர் என்று உண்மையாகவே நம்பும் அலுவலகத்திலும் அநீதி நடைபெறக்கூடும். 1976ஆம் ஆண்டின் இன உறவுச் சட்டம் மறைமுகப் பாகுபாட்டை முன்பே தடை செய்திருந்தது. காவல்துறையின் பணிகளையும் அதன் வரம்பிற்குள் கொண்டுவரும் திருத்தம் 2000ஆம் ஆண்டில் தான் வந்தது. கொலையாளிகளில் இருவர் தண்டனை பெற்றது 2012இல்.

அத்துடன் கண்கள் திறந்துவிட்டனவா? அரசின் பணியமர்த்தலுக்கான துறை 2009இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஒத்த தகுதியுடைய விண்ணப்பங்கள் வெவ்வேறு பெயர்களில் அனுப்பப்பட்டன. வெள்ளையர் பெயர் தாங்கியவர் சாதகமான ஒரு விடை பெற 9 விண்ணப்பங்கள் போதுமாயின. சிறுபான்மையினர் பெயர் தாங்கியவருக்கு 16 தேவைப்பட்டன. 2017இல் பிபிசி நிறுவனம் ஆடம் என்ற பெயரிலும் முஹம்மத் என்ற பெயரிலும் நூறு வேலைகளுக்கு ஒரே தகுதிகளை அனுப்பிப் பார்த்தது. ஆடமுக்கு 12 நேர்முக அழைப்புகள் வந்தன, முஹம்மதுக்கு 4. அழைப்பு வராத முஹம்மதுக்கு அதன் காரணம் ஒருபோதும் தெரியப்போவதில்லை. அழைப்பு வந்த ஆடமுக்கோ, தனக்கு எட்டு அழைப்புகள் கூடுதலாகக் கிடைத்தன என்பதே தெரியாது. அவன் தன் திறமையால் பெற்றதாகவே எண்ணுவான். அதில் பொய்யும் இல்லை. அவனிடம் திறமை உண்டு. முஹம்மதிடமும் அதே திறமை இருந்தது என்பது மட்டும் அவன் கண்ணுக்குத் தெரியவில்லை.

2018இல் வெளியான விண்ட்ரஷ் அவலம் இதனினும் கொடிது. 1973க்கு முன் சட்டப்படி குடியேறி, பிரிட்டனிலேயே பள்ளி சென்று, உழைத்து, வரி செலுத்தி முதுமையடைந்த கரீபிய மக்களிடம் அரசு திடீரென்று ஆவணம் கேட்டது. அவர்களின் வருகையைக் காட்டும் பழைய பதிவுச் சீட்டுகளை அரசே 2010இல் அழித்திருந்தது. பலர் வேலை இழந்தனர்; சிலருக்கு மருத்துவம் மறுக்கப்பட்டது; குறைந்தது 83 பேர் நாட்டை விட்டே அனுப்பப்பட்டனர். ஆவணம் உள்ளவருக்கு மட்டுமே வேலையும் வீடும் என்ற விதியில் நிறம் பற்றி எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. பர்மிங்காமின் ஐந்தாண்டு விதியும் அப்படித்தானே இருந்தது!

2021இல் அரசு அமைத்த ஆணையம், அமைப்புகள் இனிமேலும் சிறுபான்மையினருக்கு எதிராகத் திட்டமிட்டு வளைக்கப்பட்டவையாக இல்லை என்று கூறியது. அதன் தலைவர் டோனி சீவெல் கறுப்பினத்தவர். உறுப்பினரில் ஏறத்தாழ அனைவரும் சிறுபான்மையினர். எனவே இக்கருத்து வேறுபாடு முற்றிலும் நிறத்தால் பிரிந்தது என்று கூறுவது நேர்மையாகாது. ஆனால் அவ்வறிக்கையும் ‘திட்டமிட்டு’ என்ற பழைய அளவுகோலுக்கே திரும்பியதை நாம் கவனிக்கிறோம். 2023 மார்ச்சில் லூயிஸ் கேசி சீமாட்டி அளித்த அறிக்கை, இலண்டன் காவல்துறை நிறுவன அளவில் இனவாதம் கொண்டது என்று மீண்டும் உறுதி செய்தது. அன்றைய ஆணையர் கண்டறிந்தவற்றை ஏற்றார். அந்தச் சொல்லை ஏற்கவில்லை. அதே காலத்தில் முடிந்த ஆண்டின் கணக்குப்படி, இங்கிலாந்திலும் வேல்சிலும் கறுப்பினத்தவர் தெருவில் நிறுத்திச் சோதிக்கப்பட்ட விகிதம் வெள்ளையருக்கு இருந்ததைப் போல் ஏறத்தாழ 4 மடங்கு.

ஏன் இந்தக் காணாமை? அறிவுக் குறைவு என்று கூறிவிட முடியாது. முதற்காரணம், தடுக்கப்படாதவருக்குத் தடை தெரிவதில்லை. காலில் முள் தைக்காதவர் வழியெல்லாம் முள் கிடப்பதை எப்படி அறிவார்? இரண்டாவது காரணம், இனவாதி என்றால் கொடியவன் என்ற பொருளே பலர் உள்ளத்தில் பதிந்திருக்கிறது. தாம் கொடியவர் அல்லர் என்று அறிந்திருப்பதால், தம் அலுவலகத்தைப் பற்றிய கேள்வியைத் தம் குணத்தின் மீதான பழியாகக் கேட்டு மறுத்துவிடுகின்றனர். மூன்றாவது காரணம், ஒவ்வொரு நிகழ்வையும் தனித்து எடுத்தால் அதற்கு ஏதேனும் நியாயமான விளக்கம் கிடைத்துவிடும். நூறு நிகழ்வுகளைச் சேர்த்து எண்ணினால் தான் அதன் உருவம் தெரியும். சுமப்பவர் தம் வாழ்நாள் முழுதும் எண்ணிக்கொண்டே வருகிறார். பார்ப்பவருக்கோ எண்ண வேண்டிய தேவையே எழுவதில்லை.

ஆயினும் காணவே முடியாது என்பதன்று. மக்பர்சன் ஸ்காட்லாந்தின் பழம்பெரும் குலம் ஒன்றின் தலைவர், படைப்பிரிவில் பணியாற்றியவர், நீதிமன்றத்தில் உயர்ந்தவர். அவர் நியமிக்கப்பட்டபோது லாரன்ஸ் குடும்பத்தார் அவர் மீது ஐயம் கொண்டனர். அத்தகைய ஒருவரே ஸ்கார்மன் காணாததைக் கண்டார். பாதிக்கப்பட்டவர்களை எதிரே அமர்த்தி, மாதக் கணக்கில் கேட்டார், விளைவுகளை எண்ணினார், பிறகு முடிவெடுத்தார். தாமே வழக்காடிக்கொண்டிருக்காமல் செவிமடுத்ததே அவருக்குக் கண்ணாயிற்று.

நமக்கு இதில் பெரும் படிப்பினை உண்டு. அபூதர் (ரலி) அவர்கள் தொடக்க காலத்திலேயே ஈமான் கொண்ட பெருந்தகை. அவர் ஒருமுறை ஒருவரை அவருடைய தாயைச் சுட்டி இழித்துரைத்தார். அறியாமைக் காலத்தின் எச்சம் இன்னும் அவரிடம் இருப்பதை நபி (ஸல்) அவர்கள் அவருக்கு எடுத்துரைத்தார்கள் என்று புகாரீ நூலில் காண்கிறோம். இத்தகைய நல்லடியாருக்குள்ளும் தாம் அறியாத ஓர் எச்சம் தங்கியிருக்கக்கூடும். அதைச் சுட்டிக்காட்டும்போது ஏற்பதே அவருடைய சிறப்பு. தமக்கே எதிராயினும் நீதிக்குச் சாட்சி சொல்லுங்கள் என்று இறைமறை கட்டளையிடுவதும் இதற்காகவே.

வெளிநாட்டில் உள்ள நம் பிள்ளை, தனக்கு ஏன் அழைப்பு வரவில்லை என்று தொலைபேசியில் கேட்கும்போது, நீ இன்னும் முயற்சி செய் என்று மட்டும் கூறி முடித்துவிடாதீர்கள். முதலில் அவன் எண்ணி வைத்திருப்பதைக் கேளுங்கள். அவ்வாறே நாம் பெரும்பான்மையாகவும் வசதியுள்ளவராகவும் அதிகாரம் உள்ளவராகவும் இருக்கும் இடங்களில், நம் விதிகளில் பாகுபாட்டுச் சொல் எதுவும் இல்லை என்பதைக் கொண்டு அமைதி அடைந்துவிடாமல், அவ்விதி யார் தலையில் விழுகிறது என்று அவர்களிடமே கேட்போம். கேட்டதை ஏற்கும் உள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.